டேப் ஒட்டாத பறவை

பிப்ரவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், உன் மருமகளும் நன்றாக இருக்கிறாள். முகாம் குளிரில் உன் கால்முட்டி எப்படி இருக்கிறது என்று எழுது. கொடுத்தனுப்பிய தைலத்தைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பாய் என்று தெரியும். அது வைத்துக்கொள்ள அனுப்பியது இல்லை, தடவிக்கொள்ள அனுப்பியது.

நல்ல சேதியை முதலில் சொல்கிறேன். நிலம் வாங்கிவிட்டேன். ஊர் எல்லையைத் தாண்டி, ஓடைக்கரையில், மூங்கில் புதரை ஒட்டி இருக்கிறது. கிடங்கு கட்டத்தான். பெயின்ட் டின்னைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாய்ப் போனவளுக்குச் சொந்தக் கிடங்கு என்றால் உனக்கே சிரிப்பு வரும். ஆனால் இது ஆசைக்குக் கட்டுவது இல்லை. பின்தெருவில் ஒரு கடையில் தின்னர் பற்றி எரிந்ததிலிருந்து நகராட்சிக்காரர்கள் தூங்குவதில்லை. குடியிருக்கிற வீட்டுக்குக் கீழே தின்னரும் டர்பன்டைனும் அடுக்கி வைத்திருக்கிறாய், மழைக்காலத்துக்குள் மாற்று, இல்லாவிட்டால் உரிமம் ரத்து என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நானும் என் மகளும் மாடியில் படுக்கிறோம். எங்களுக்குக் கீழே வெடிமருந்து படுத்திருக்கிறது.

போன வாரம் கொத்தனாரோடு நிலத்தை அளக்கப் போனேன். அவர் கயிறு பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பறவையைப் பார்த்தேன். குருவி அளவுதான். தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருந்தது. விருட்டென்று கிளம்பி, காற்றிலேயே ஒரு ஈயைக் கவ்விக்கொண்டு, அதே கிளைக்குத் திரும்பி வந்தது. எனக்கு அதன் வியாபாரம் பிடித்துவிட்டது. இடத்தை மாற்றாமல் உட்கார்ந்து, வருவதைப் பிடிக்கிறது. முதுகு நல்ல எனாமல் நீலம். மார்பு, ரெட் ஆக்சைடில் மஞ்சள் ஸ்டெயினர் விட்டால் வருகிற ஆரஞ்சு. வயிறு வெள்ளை.

கடைக்குப் புதுப் பலகை எழுதக் கொடுத்திருந்தேன் இல்லையா, கடைப்பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பறவையைப் போடச் சொன்னேன். போர்டு பெயின்டர் ஆரஞ்சை அடித்துவிட்டு, வெள்ளை அடிக்குமுன் ஓரத்தை மறைக்கிற மாஸ்கிங் டேப்பை எடுத்தார்.

"டேப்பு எதுக்கு?"

"கோடு நறுக்குன்னு விழ வேணாமா, முதலாளியம்மா?"

"பறவைக்கு யாருய்யா டேப் ஒட்டி அடிச்சாங்க? நான் பார்த்ததுல கோடே இல்ல. ஆரஞ்சு அப்படியே வெளுத்து வெளுத்து வெள்ளையாப் போச்சு. ஈரத்தோட ஈரமா இழு."

"பார்க்கிறவன் இவனுக்குக் கோடு போடத் தெரியலன்னு என்னையில்ல சொல்லுவான்!"

"நான் சொன்னேன்னு சொல்லு."

திரும்பத் திரும்பத் துடைக்க வைத்தேன். கடைசியில் அச்சாக வந்துவிட்டது. வழக்கமாகப் பலகையின் மூலையில் தன் கையெழுத்தையும் தேதியையும் கொட்டை எழுத்தில் போடுகிறவர், இந்தத் தடவை கோபத்தில் எறும்பு அளவுக்குப் போட்டார்.

பறவைகளைக் கணக்கெடுக்கிற உத்தியோகம்தானே உனக்கு? இது என்ன பறவை என்று எழுது. இன்னொன்று. ஓடைக்கரையில் கட்டுவதற்கு உங்கள் அலுவலகத்திலிருந்து தடையில்லை என்று எழுத்து வர வேண்டுமாம், நிலத் தரகர் சொன்னார். உன் தலைவரிடம் ஒரு வார்த்தை போட்டு வை. நான் சலுகை கேட்கவில்லை, வேகம் கேட்கிறேன்.

காதைக் கட்டிக்கொண்டு வெளியே போ.

உன் அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டி பரவாயில்லை. தைலத்தைத் திறந்துவிட்டேன், கூடாரம் முழுக்க அதன் வாடைதான். பக்கத்துக் கட்டில்காரர் இடம் மாற்றிக்கொண்டு போய்விட்டார். இங்கே இன்னும் தொலைபேசி வரவில்லை. வாரம் ஒரு முறை ஜீப் வந்தால்தான் உலகம். விடுப்பில் வந்தபோது இருமிக்கொண்டிருந்தாயே, இப்போது எப்படி இருக்கிறது?

நிலம் வாங்கிய விஷயம் உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. வாங்குமுன் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

நீ பார்த்தது ஈப்பிடிப்பான். அந்த வகையில் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். இரட்டைப் பிள்ளைகளில் யார் எவர் என்று அம்மாவுக்கு மட்டும் தெரிகிற மாதிரி. உன்னுடையது எது என்று நான் எழுதப்போவதில்லை.

அக்கா, ஒரு வேண்டுகோள். அஸ்திவாரம் தோண்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடு. ஏன் என்று இப்போது கேட்காதே.

மருமகளைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய்.

சரக்கைக் கண்ணில் காட்டாமல் விலை பேசுகிறவனை நான் கடைப்படி ஏற விடுவதில்லை. 'ஏன் என்று கேட்காதே' என்று எழுதினால் அக்கா கேட்காமல் இருந்துவிடுவாளா? நகராட்சி நோட்டீஸில் 'ஏன் என்று தம்பி சொல்லவில்லை' என்று பதில் எழுதிக் கொடுக்கவா?

நேற்று கொத்தனார் வீட்டுக்கு வந்தார். சுவரில் மாட்டியிருக்கும் உன் படத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இது யாரும்மா?"

"என் தம்பி."

"இவரா? இவர நான் ஓடையில பார்த்திருக்கேனே! ஜனவரி கடைசியில, உங்க நிலத்துக்கு நேர் எதுக்க. மணல்ல குப்புறக் கெடந்தாரு. யாரோ மயங்கி விழுந்துட்டாங்கன்னு ஓடினேன். 'அசையாதீங்க, பறந்துரும்'னு என்னையே அதட்டினாரு."

ஜனவரி கடைசியில் ஊருக்கு வந்திருக்கிறாய். அக்கா வீட்டுப் படி ஏறவில்லை. அதைக் கடிதத்திலும் எழுதவில்லை. கொத்தனார் முன்னால் நான் என்ன முகத்தை வைத்துக்கொள்வது? 'ஆமாம், அவனுக்கு வேலை அதிகம்' என்று உனக்காகப் பரிந்து பேசினேன். இனி பேச மாட்டேன்.

அடுத்த வாரம் குழி தோண்டுகிறார்கள். வேண்டாம் என்றால் காரணத்தோடு எழுது.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

முதலில் உன் இருமல். கேட்டேன், நீ பதில் எழுதவில்லை.

மணலில் கிடந்தது நான்தான். கொத்தனாரை அதட்டியதற்கு வருத்தம் என்று சொல். ஜீப் அன்று மாலையே திரும்பியதால் வீட்டுக்கு வர முடியவில்லை. அந்தக் கரை உன்னுடையது என்று எனக்குத் தெரியாது. உன் கடிதம் இங்கே வந்து சேருமுன் என் அறிக்கை அலுவலகத்துக்குப் போய்விட்டது. தெரிந்திருந்தால் என்ன எழுதியிருப்பாய் என்று என்னைக் கேட்காதே. நானே கேட்டுப் பார்த்துவிட்டேன், பதில் பிடிக்கவில்லை.

காரணம் இதுதான். ஒன்றைப் போலவே இருக்கும் இரண்டு பறவைகள் என்றேன் அல்லவா? ஒன்று எந்த ஓடைக்குப் போனாலும் இருக்கும். மற்றது இந்தப் பக்கம் இருப்பதாக இதுவரை பதிவே இல்லை. நான் பார்த்தது இரண்டாவது என்று எழுதியிருக்கிறேன். அது உறுதியானால் ஓடையின் இரண்டு கரையிலும் கட்டடம் கூடாது. கிடங்கு வராது, அக்கா.

ஒருவன் பார்த்தது செல்லாது. இரண்டாவதாக ஒருவர் பார்த்திருக்க வேண்டும். அவரும் முதல் ஆள் சொல்லாமல், புத்தகத்தைப் பார்க்காமல், தன் கண்ணில் பட்டதைத் தானாகச் சொல்ல வேண்டும். இன்னதைப் பார் என்று சொல்லிவிட்டால் கண் இல்லாததையும் பார்த்துவிடும். அதனால்தான் இவை இரண்டையும் எதை வைத்துப் பிரிக்கிறோம் என்று நான் உனக்கு எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். தலைவர் தானே பார்க்க வந்தார். அவருக்கு மூங்கிலுக்குள் முதுகை மட்டும் காட்டிவிட்டுப் போய்விட்டது. முதுகு இரண்டுக்கும் ஒரே நீலம். நான் எடுத்த படம் இருட்டடித்திருக்கிறது.

ஜூன் நடுவில் குழு கூடி முடிவு செய்யும். அதுவரை குழி வேண்டாம்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

நலம். நலம். நலம். போதுமா?

திட்டச் சொன்னாய். திட்டுகிறேன். ஊரில் ஓடையா இல்லை? அந்தப் பறவைக்குச் சிறகு இல்லையா, நாலு மூங்கில் தள்ளி உட்கார்ந்தால் ஈ கிடைக்காதா? அதற்கு ஈ பிடிக்க இடம் கொடுத்துவிட்டு, உரிமம் போய் உன் அக்கா கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டட்டும், அப்படித்தானே? நீ படித்த படிப்பில் ஒவ்வொரு வருஷமும் நான் தூக்கிய டின்னின் வாடை இருக்கிறது. அதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று இத்தனை நாள் வாயைக் கட்டியிருந்தேன். சொல்லிக் காட்ட வைத்துவிட்டாய்.

எதை வைத்துப் பிரிக்கிறீர்கள் என்று அக்காவுக்குக்கூடச் சொல்ல மாட்டாயாம். நான் என்ன எதிர்க்கடைக்காரியா?

வேலையை நிறுத்திவைத்திருக்கிறேன். நீ சொன்னதற்காக இல்லை. எழுத்து வராமல் தோண்டினால் அபராதம் என்று தரகர் சொன்னதற்காக.

அக்கா

மாமா, இது நான். அம்மா கடைக்கு இறங்கிப் போயிருக்காங்க, கடிதத்தை ஒட்டி தபாலில் போடச் சொன்னாங்க. நலம்னு மூணு தடவை எழுதினது மூணும் பொய். படுத்தா இருமல், எழுந்து உட்கார்ந்தாத்தான் நிக்குது. தின்னர் வாடை இனிமே ஆகாது, வீட்டை மாத்துங்க இல்ல டின்னை மாத்துங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். நான் எழுதினேன்னு சொல்லிடாதீங்க, அப்புறம் வீட்டை மாத்த வேண்டியது நான்தான்.


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் தின்னர் வாடை அடித்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, எனக்கே தோன்றியது: டாக்டரைப் பார். டின்களை யார் கொட்டகையிலாவது கொஞ்ச நாளைக்கு வை. எத்தனை பேருக்கு நீ வீட்டுச் சுவருக்குக் கடனில் நிறம் கொடுத்திருக்கிறாய், ஒருவராவது கொட்டகை தர மாட்டாரா?

பறவையைப் பற்றி இனி எழுதப்போவதில்லை. நீ எழுதியது எல்லாம் சரி. டின் வாடையைப் பற்றி எழுதியதும் சரி.

தம்பி


மே 18

தம்பிக்கு,

உனக்கு இரண்டு கடிதம் போட்டுவிட்டேன். பதில் இல்லை. ஜீப் ரிப்பேரா, நீ ரிப்பேரா? உடம்பு சரியில்லை என்றால் அதையாவது யாரையாவது விட்டு எழுதச் சொல். கோபம் என்றால் கோபம் என்று எழுது. கோபப்பட்டு எழுதாமல் இருப்பது எனக்கு உரிய பழக்கம், அதையும் நீ எடுத்துக்கொள்ளாதே.

டின்னை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. நிறம் வாங்கும்போது 'அக்கா அக்கா' என்றவர்களுக்கு, தின்னர் என்றதும் கொட்டகையில் மாடு, மாமியார், மூட்டை எல்லாம் வந்துவிட்டது.

குழுவிலிருந்து எனக்கும் கடிதம் வந்திருக்கிறது. நிலத்துக்காரர் என்ற முறையில் வந்து, பறவை எதையும் பார்த்திருந்தால் பார்த்ததைச் சொல்ல வேண்டுமாம். அதை எடுத்துக்கொண்டு தரகரிடம் போகவில்லை, அவரே வந்துவிட்டார். கையில் ஒரு பறவைப் புத்தகம்.

"இந்த ரெண்டு படத்தையும் பாருங்கம்மா. என்ன வித்தியாசம்?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அதான் விஷயமே! மார்பைப் பாருங்க. இதுல ஆரஞ்சு முடியற எடத்துல கோடு கிழிச்ச மாதிரி வெள்ளை தொடங்குது. இது சாதா. அதுல கோடே இல்ல, ஆரஞ்சு கரைஞ்சு வெள்ளையில போய்ச் சேருது. அதான் உங்க தம்பி எழுதிக் கொடுத்தது. நீங்க போயி, 'கோடு இருந்துச்சு'ன்னு மூணு வார்த்தை சொல்லிட்டு வாங்க. கெடங்கு உங்களுது."

"மூணு வார்த்தை இல்ல. ரெண்டு."

"பாருங்க, இன்னும் சுலபம்!"

சிரித்துக்கொண்டே வெளியே போனவர், வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "என்னம்மா இது, நீங்க வாயத் தொறக்காட்டியும் இது பேசுமே! மொதல்ல பலகைய மாத்துங்க."

தம்பி, நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ சொன்ன விதிப்படி, ஒருவர் சொல்லிக்கொடுத்த பிறகு சாட்சி செல்லாது. தரகர் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். ஆக, நான் பொய்யே சொல்ல வேண்டாம். குழுவின் முன்னால் போய், 'எனக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்' என்ற உண்மையைச் சொன்னால் போதும். என் பேச்சு கழிந்தது, உனக்கு இரண்டாவது ஆள் இல்லை, எனக்குக் கிடங்கு. உண்மை பேசியே இப்படி ஒரு லாபம் என் வியாபாரத்தில் பார்த்ததில்லை. நான் நினைப்பது சரியா? உன் விதி, நீயே சொல்.

பெயின்டரை வரச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு வேறு பலகை வேலை இருக்கிறதாம், முடித்துவிட்டு வருகிறார்.

பதில் எழுது.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. தலைமை அலுவலகத்தில் சில நாள் இருக்க வேண்டியதாயிற்று, அதனால்தான் எழுத முடியவில்லை.

நீ நினைப்பது சரி. சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்று நீ சொன்ன கணமே உன் சாட்சியை நீக்கிவிடுவார்கள். அது பொய்யும் இல்லை, தவறும் இல்லை. என் பதிவும் விழுந்துவிடும். மழைக்குள் சுவர் எழுப்பிக் கூரை போட்டுவிடலாம். டின்கள் வீட்டைவிட்டுப் போகட்டும். உண்மையாகவே எனக்கு நிம்மதி.

ஜூன் கடைசியில் விடுப்பில் வருகிறேன். இந்தத் தடவை கொஞ்சம் நீண்ட விடுப்பு. என் புத்தகப் பெட்டிகளுக்கு மாடியில் இடம் இருக்குமா? மருமகளுக்கு இந்தக் கடிதத்தோடு ஒரு இறகு வைத்திருக்கிறேன், காக்கை இறகுதான், பயப்படாதே.

இருமலுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எழுது.

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

இருமல் இருக்கிறது. கேட்டுக்கொண்டே இருந்தாய், அதனால் சொல்கிறேன். படுத்தால் வருகிறது. சிரப் கொடுத்திருக்கிறார்கள், கசக்கிறது. உன் மருமகள் பின்குறிப்பு எழுதியதும் தெரியும். கடிதத்தை ஒட்டக் கொடுத்தவள் நான், 'யாரும் எதுவும் சொல்லவில்லை' என்று நீ எழுதினால் எனக்குப் புரியாதா?

உங்கள் முகாம் ஜீப் டிரைவர் முந்தாநாள் கடைக்கு வந்தார். ஜீப் கதவு உரசிவிட்டதாம், அதற்கு டச்-அப் பெயின்ட் வேண்டும் என்றார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"சாரா? பொட்டியெல்லாம் கட்டி வெச்சுட்டாரே."

"விடுப்புல வர்றதுக்கு இப்பவே கட்டிட்டானா?"

"விடுப்பா?" என்று என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கதவைப் பார்த்தார். "அம்மா, நான் சொன்னதா இருக்க வேணாம். ரெண்டு வருஷம் முன்ன சார் ஒத்தையா ஒரு பறவையப் பார்த்தேன்னு எழுதினாரு. கூடப் பார்த்த ஆள் இல்ல. அந்தப் பதிவையே அடிச்சுட்டாங்க. அன்னியிலேர்ந்து அவருக்கு 'கனவு சார்'னு பேரு. இப்ப இதுவும் விழுந்துச்சுன்னா ஒப்பந்தம் கிடையாதுன்னு தலைமை ஆபீஸ்ல கூப்பிட்டு உக்கார வெச்சே சொல்லிட்டாங்க."

நீண்ட விடுப்பு என்று எழுதினாயே, எவ்வளவு நீளம் என்று எழுதவில்லை.

நேற்று பெயின்டர் வந்தார். ஏணியை வைத்து ஏறினார். மாஸ்கிங் டேப்பை இழுத்துப் பறவையின் மார்பில் ஒரு பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டே வந்தவர், பாதியில் நின்றார்.

"முதலாளியம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"அன்னிக்கு டேப்பு எடுத்ததுக்கு அவ்வளவு பேச்சு பேசினீங்க. இன்னிக்கு நீங்களே ஒட்டச் சொல்றீங்க. அன்னிக்குப் பார்த்தது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா? ஒரு வார்த்தை சொல்லுங்க, மீதியையும் ஒட்டிடறேன்."

அந்த நேரம் பார்த்து ஏணிக்குக் கீழே ஒரு அம்மாள் நின்றிருந்தாள். பழைய சுவரிலிருந்து உரித்த ஒரு பெயின்ட் சில்லைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு வந்திருந்தாள். "இந்த நெறம் இப்ப வர்றதில்லன்னு எல்லாக் கடையிலும் சொல்லிட்டாங்க. நீங்க பார்த்துச் சொன்னா சரியா இருக்கும்னாங்க" என்றாள்.

நான் பார்த்துச் சொன்னால் சரியாக இருக்கும். இந்தக் கடையில் டின், டப்பா, தராசு எல்லாம் எவன் வேண்டுமானாலும் வைக்கலாம். இந்த ஒரு வார்த்தைதான் நான் சைக்கிளில் ஆரம்பித்துச் சம்பாதித்தது.

அந்தச் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பலகையைப் பற்றி உனக்கு முதல் கடிதத்திலேயே எழுதினேன், கோடு இல்லாமல் இழுக்கச் சொன்னேன் என்று. அப்போது யாரும் எனக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீ பார்த்ததே எனக்குத் தெரியாது. உனக்குத் தேவைப்பட்ட இரண்டாவது கண் பிப்ரவரியிலிருந்து என் கடை வாசலில் தொங்குகிறது. அது உனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு கடிதத்தில்கூடப் பலகை என்ற வார்த்தையை நீ எழுதவில்லை. பெயின்டரை வரச் சொல்லியிருக்கிறேன் என்று நான் எழுதிய பிறகும் எழுதவில்லை. வேலை போகிறது, பெட்டி கட்டுகிறாய், மாடியில் இடம் இருக்கிறதா என்று கேட்கிறாய். பலகையை மட்டும் கேட்கவில்லை.

நீ கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். கேட்காமல் இருந்தாயே, அதை எப்படி மறுப்பது?

பெயின்டரை இறங்கச் சொன்னேன். டேப்பைக் கிழிக்கச் சொன்னேன். பலகையையும் கழற்றிவிட்டோம். சாக்கு சுற்றி, இன்று காலை லாரியில் உங்கள் தலைமை அலுவலகத்துக்கு ஏற்றியாகிவிட்டது. கடிதத்தைக் காட்டினால் அக்காவும் தம்பியும் உட்கார்ந்து சமைத்தது என்பார்கள். பலகை தெருவில் நின்றது, ஊரே பார்த்திருக்கிறது. மூலையில் தேதி இருக்கிறது, எறும்பு அளவில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல். குழு கூடும் நாளில் நானும் வருகிறேன், பெயின்டரும் வருகிறார். 'கோடு போட விடாம என்னைக் கொன்னாங்க'ன்னு சபையில சொல்லணும், ரொம்ப நாள் ஆத்திரம் என்கிறார். தரகர் எனக்குப் புத்தகம் காட்டியதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். அதன்பிறகு ஏற்பதும் தள்ளுவதும் அவர்கள் பாடு.

தியாகம் அது இது என்று பதில் எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன். எனக்கு வயிறு எரிகிறது. தரகர் இன்று என் எதிரே வந்து, என்னைப் பார்க்காததுபோலத் திரும்பிப் போனார். நகராட்சிக் கெடு அப்படியே இருக்கிறது. மூடிக் கிடக்கிற ஐஸ் ஃபேக்டரியை வாடகைக்குக் கேட்டிருக்கிறேன். சுவர் தடிமன், பக்கத்தில் வீடு இல்லை. முதலாளி மகா கஞ்சன், எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன். ஆனால் அவன் வீட்டுச் சுவர் பதினைந்து வருஷமாகப் பெயின்ட் பார்க்கவில்லை. அங்கே பிடித்திருக்கிறேன். கிடைத்தால் டின்களை மாற்றலாம், கிடைக்காவிட்டால் என்ன என்று இன்னும் எனக்குத் தெரியாது. நிலத்தை இப்போதைக்கு அந்த ஈப்பிடிப்பானே ஆளட்டும், வாடகை கொடுக்காத முதல் ஆள்.

மாடியில் பெட்டிக்கு இடம் ஒழித்துவைக்கவில்லை. நீ வந்தால் விடுப்புக்கு வா.

ஒரு விஷயம் மட்டும் உன் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவை. டேப்பைக் கிழித்தபோது ஒரு துண்டு பெயின்ட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. சுரண்டினால் நிறமும் வந்துவிடும் என்று பெயின்டர் தொடவில்லை. சாக்கைப் பிரித்தால் பறவையின் மார்பில் இடதுபக்கம் ஒரு சின்னக் கோடு மாதிரி தெரியும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது பறவையுடையது இல்லை. என்னுடையது.

உன் அக்கா